அம்மாவின் முகுலா

14 பிப்ரவரி 1971
கதோகா வீடு, முவினிலுங்கா

தம்பி லுபுண்டாவுக்கு,

அக்கா கலும்பு எழுதுவது. நீயும் சிலேஷேயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? சிங்கோலாவில் சுரங்கப் புகை நெஞ்சைப் பிடிக்கிறது என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். உனக்கு ஏற்கெனவே இருமல். காலையில் வெந்நீர் குடி.

இங்கே மழை விட்டபாடில்லை. காட்டில் காளான் கூடை கூடையாய்ப் பூத்துக் கிடக்கிறது. போய்ப் பறிக்கத்தான் எனக்குத் தெம்பு இல்லை. பெண்கள் விஷயத்தைத் தம்பிக்கு எழுத வேண்டியிருக்கிறது, வேறு யாருக்கு எழுதுவேன்? நவம்பரிலிருந்து எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மாதத்தில் மூன்று வாரம் போகிறது. அத்தனை நாளும் நான் புருஷனுக்குச் சமைக்கக் கூடாது, அவருடைய அடுப்பை நான் தொடக் கூடாது. உன் மச்சான் தினமும் தன் அம்மா வீட்டில் களி தின்றுவிட்டு வருகிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷம், ஒரு குழந்தையும் தங்கவில்லை. இப்போது இது வேறு.

குறி பார்த்தோம். நம் அம்மாவின் ஆவிதான் என்னைப் பிடித்திருக்கிறது என்று வந்தது. வைத்தியர் சபாசா ரத்தச் சடங்கு செய்ய ஒத்துக்கொண்டார். கசிங்கா ஓடைக்கு அந்தப் பக்கம், நம் பழைய ஊர் இருந்த இடத்தில் நிற்கும் முகுலா மரம் உனக்குத் தெரியும். என்னைப் பெறுவதற்கு முன் அம்மாவுக்குச் சடங்கு நடந்தது அந்த மரத்தடியில்தான். அம்மா வயிற்றில் பிறந்த ஆண் பிள்ளை அந்த இடத்தில் நின்று அவளிடம் பேச வேண்டுமாம். அம்மா வயிற்றில் நாம் இரண்டே பேர், அதில் ஆண் நீ ஒருவன்தான். எப்போது வருகிறாய்?

போன ஆகஸ்டில் லீவில் வந்தபோது நீ அந்தப் பக்கம் போயிருந்தாய் அல்லவா? மரம் எப்படி இருந்தது?

உன் நலத்தை எழுது.

அக்கா


20 மார்ச் 1971
சிங்கோலா

அக்காவுக்கு,

தம்பி லுபுண்டா நம் முறைப்படி இங்கிருந்தே மண்டியிட்டுக் கை தட்டி வணங்குகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதீர்கள். இருமல் போய்விட்டது. சுரங்க வேலையை விட்டதிலிருந்து நெஞ்சு லேசாக இருக்கிறது. இப்போது மரமில்லில் முற்றத்து மேஸ்திரி உங்கள் தம்பிதான். வருகிற கட்டை ஒவ்வொன்றுக்கும் சுண்ணக்கட்டியால் எண் போடுவது என் பொறுப்பு. எனக்குக் கீழே ஆறு பேர். "மேஸ்திரி மேஸ்திரி" என்று கூப்பிடுகிறார்கள், எனக்கே சிரிப்பாக வருகிறது.

சிலேஷே மாசமாக இருக்கிறாள். ஆகஸ்டில் பிறக்கும் என்று நர்ஸ் சொன்னாள்.

உங்கள் உடம்பைப் பற்றிப் படித்ததும் எனக்குக் களி இறங்கவில்லை. அக்கா, முதலில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இத்துடன் ரத்தம் ஊறுகிற மாத்திரை அனுப்பியிருக்கிறேன், சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. புது ஆள் என்பதால் லீவு கேட்க முடியாது. சடங்கு செய்தே ஆகவேண்டும் என்றால் வேறு முகுலாவில் செய்யக்கூடாதா? நம் காட்டில் அதற்கா பஞ்சம்? பழைய ஊர்ப் பாதையெல்லாம் புதர் மண்டிக் கிடக்கும். அவ்வளவு தூரம் நீங்கள் நடக்க வேண்டாம்.

மச்சானுக்கு என் வணக்கம். அம்மா வீட்டில் களி தின்று தொப்பை போட்டுவிடப் போகிறார் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


18 ஏப்ரல் 1971
கதோகா வீடு

தம்பிக்கு,

மாத்திரை வந்தது. மிஷன் ஆஸ்பத்திரிக்கும் போனேன், ஊசி போட்டார்கள். வெள்ளைக்கார நர்ஸம்மா நல்லவள், என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாள். பத்து நாள் நின்றது. பிறகு பழையபடி ஆரம்பித்துவிட்டது. சிலேஷே நலமாக இருக்கிறாளா? கனமான வாளி தூக்கவிடாதே. அவள் மசக்கைக்கு இங்கிருந்து அன்னாசி அனுப்ப ஆசை, லாரியில் நசுங்கிப் போகும்.

நீ சொன்னதை உன் மச்சானிடம் சொன்னேன். "அவன் தொப்பையைப் போய்க் கண்ணாடியில பாக்கச் சொல்லு, மேஸ்திரி ஆயிட்டானாமே" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

சபாசாவிடம் வேறு மரம் பற்றிக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டார். அந்தச் சடங்கு ஏன் முகுலாவிடம் நடக்கிறது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அது பெண்கள் பேச்சு. முகுலாவை வெட்டினால் சிவப்பாய் வடிகிறது, ஆனால் வடிந்தது சீக்கிரமே உறைந்து காயத்தை மூடிக்கொள்கிறது. பெண் ரத்தமும் அப்படி உள்ளேயே உறைந்தால்தான் பிள்ளை. நம் அம்மாவுக்கு இரண்டு பிள்ளை அழிந்தபின் அந்த மரத்தின் கிளையை வெட்டிக் கைக்குழந்தை போல் பொம்மை செதுக்கி மடியில் கட்டிவிட்டார்கள். அடுத்த வருஷம் நான். நாலு வருஷம் கழித்து நீ. கிளை வெட்டிய இடத்தில் பெரிய வடு இருந்தது. சின்ன வயதில் நீ அதில் கால் வைத்துத்தானே ஏறுவாய்.

போன வருஷம் லாரி போன தடத்தில் இப்போது புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டது என்கிறார்கள்.

மரத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுத மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

அக்கா


2 ஜூன் 1971
சிங்கோலா

அக்காவுக்கு,

கை தட்டி வணங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம். சிலேஷேக்குக் கால் வீங்குகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. குளிர் ஆரம்பித்துவிட்டதால் ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறம்தான் கிடைத்தது.

மில்லில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஆகஸ்டு கடைசியில் எப்படியாவது லீவு வாங்கி வருகிறேன். நேரில் வந்து எல்லாம் பேசுகிறேன். அதுவரை பழைய ஊர்ப் பக்கம் போகாதீர்கள், சிறுத்தை நடமாட்டம் என்று கேள்விப்பட்டேன்.

தம்பி


11 ஜூலை 1971
கதோகா வீடு

தம்பிக்கு,

நல்ல சுகம் உண்டாகட்டும். கம்பளி கதகதப்பாக இருக்கிறது. உன் மச்சான் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார், நான் திரும்ப இழுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் வருகிறாய் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சபாசா நாள் குறித்துவிட்டார். சடங்குக்குச் சிவப்புச் சேவல் வேண்டும், ஒன்று கட்டி வைத்து வளர்க்கிறேன். கொழுத்துப்போய் என்னையே கொத்துகிறது. தேன்பீருக்கு உன் மச்சான் காட்டில் ஏழு கூடு இறக்கினார். வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் அவருக்கும் நம்பிக்கை வந்திருக்கிறது.

என் மாமியார் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள். "அடுத்த மழைக்குக் காளான் வர்ற வரைக்கும் பொறுத்திருப்பேன், கலும்பு. என் மவனும் ஆம்பளதானே. வருஷம் பூரா ஆத்தா கையால தின்னுட்டு அவன் இருக்க முடியுமா?" அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் வயதாகிறது, மூன்று பேருக்கு மாவு இடிக்கிறாள்.

தம்பி, உனக்குக் குழந்தை பிறக்கப் போவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் உனக்கே தெரியும், அது சிலேஷேயின் தாய்வழியில் சேரும். நம் அம்மாவின் வயிறு தொடர வேண்டுமானால் அது என் வயிற்றில்தான் தொடர வேண்டும். நான் இப்படியே போனால் அம்மாவோடு வந்தது நம் இருவரோடு முடிந்துவிடும். அதற்காகத்தான் உன்னை இத்தனை தொந்தரவு செய்கிறேன்.

சிறுத்தை பற்றி இங்கே யாரும் கேள்விப்படவில்லை.

அக்கா


30 செப்டம்பர் 1971
கதோகா வீடு

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சிலேஷேக்குப் பிரசவம் ஆயிற்றா? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லாததால் பயந்துபோய் இருக்கிறேன்.

குறித்த நாளில் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். இரண்டு நாள் லாரி நிற்கும் இடத்தில் போய் நின்றேன். மூன்றாம் நாள் தேன்பீர் புளித்துவிட்டது. வந்தவர்களில் சிலர் புளித்ததையும் குடித்துவிட்டுத்தான் போனார்கள். சேவலை அவிழ்த்துவிட்டேன்.

உன் மச்சான் பீர்க் குடங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அக்கா


5 நவம்பர் 1971
சிங்கோலா

அக்காவுக்கு,

கை தட்டி வணங்குகிறேன். ஆகஸ்டு இருபத்தாறாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. சிலேஷேக்குச் சிரமமான பிரசவம், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதனால் வர முடியவில்லை. அவள் அம்மா வந்து குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை, அவர்கள் வழக்கம் அது. குழந்தைக்கு உங்கள் நெற்றி.

அக்கா, கோபப்படாமல் கேளுங்கள். சபாசா கிழவர் பிடிவாதக்காரர். காட்டில் மரமே இல்லையா? ஒரு மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மா அம்மாதானே, எந்த மரத்தடியில் கூப்பிட்டால்தான் என்ன? கபோம்போ பக்கம் வேறு வைத்தியர் இருக்கிறாராம், ஒரே நாளில் முடித்துவிடுவாராம். அங்கே போங்கள். என் பேருக்காக இத்தனை பேர் காத்திருந்து, கடைசியில் எல்லோரும் என்னைத் திட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. நான் என்ன செய்ய முடியும்? நானும் மனிதன்தானே?

உங்களுக்குச் சிவப்பில் பூப்போட்ட துணி ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

தம்பி


3 ஜனவரி 1972
இசாங்கா

தம்பிக்கு,

குழந்தைக்கு ஆயிரம் முத்தம். என் நெற்றி அவளுக்கு வந்தது பாவம், பெரிய நெற்றி, மழை நேராக அதில்தான் விழும்.

மேலே இசாங்கா என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். அம்மாவின் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். டிசம்பர் பதினாறாம் தேதி உன் மச்சான் என்னைக் கொண்டுவந்து விட்டார். என் பானை, மண்வெட்டி, உன் கம்பளி எல்லாவற்றையும் அவரே சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். சித்தி வாசலில் பானையை இறக்கி வைத்தபின்தான் வாயைத் திறந்தார்.

"கலும்பு, உன்மேல எனக்குக் கோபமில்ல."

"தெரியும்."

"உன் தம்பி வந்திருந்தா..."

"அவனை விடுங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க, வெயிலா இருக்கு."

குடித்தார். சொம்பைத் திண்ணையில் வைத்தார். பிறகு போனார். இப்போது அவர் வீட்டில் வேறு பெண் இருக்கிறாள், அடுத்த ஊர்க்காரி, மாவு நன்றாக இடிப்பாளாம். ரத்தம் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. முந்தாநாள் ஓடையிலிருந்து ஊறவைத்த மரவள்ளியைத் தூக்கி வரும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். சித்தி இனி என்னைக் குடம் எடுக்கவே விடுவதில்லை.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அம்மா சாகும்போது உனக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. அன்றிலிருந்து உன் முகம் வாடினால் என்ன காரணம் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிடும். உன் எழுத்தும் அப்படித்தான். நான் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. மாத்திரை வந்தது, கம்பளி வந்தது, துணி வந்தது.

நேரம் கிடைக்கும்போது எழுது.

அக்கா


20 பிப்ரவரி 1972
சிங்கோலா

அக்காவுக்கு,

கை தட்டக்கூட எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் தட்டுகிறேன். உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன்.

அந்த மரம் இல்லை, அக்கா. நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

சுரங்கத்தில் எனக்கு என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொன்னதில்லை. 1970 மே மாதம் கல் சரிந்து எனக்குப் பக்கத்தில் நின்றவன் செத்தான். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கூண்டில் கீழே இறங்கும்போது எனக்கு மூத்திரம் வந்துவிடும். சிலேஷேக்குக்கூடச் சொல்லவில்லை. ஆகஸ்டில் லீவில் வந்தபோது லாரிக்காரக் காண்டிராக்டரைப் பார்த்தேன். "நல்ல முகுலா எங்க நிக்குதுன்னு காட்டுற ஆளுக்கு எங்க மில்லுல வேலை உண்டு" என்றான். வெயில்படுகிற இடத்தில் வேலை என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

பழைய ஊர்ப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை, யாருக்கும் தெரியாது என்று அங்கே கூட்டிப்போனேன். பதினான்கு மரம் காட்டினேன். அம்மாவின் மரம் நடுவில் நின்றது. அதில்தான் பெரிய வடு இருக்கிறதே, வடுப்பட்ட மரத்தை மில்லில் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். காண்டிராக்டர் கோடாலியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டினான். "மேல்தோலுதான் இப்படி. உள்ள கெட்டியா இருக்கு. போடு" என்றான். நான் வாயைத் திறந்திருக்கலாம், அக்கா. 'இது எங்க அம்மா மரம்' என்று நாலு சொல். சொன்னால் சிரிப்பானோ, வேலை போய்விடுமோ என்று நின்றேன். ரம்பம் இறங்க இறங்கச் சிவப்பு வடிந்து என் பூட்ஸ் வரைக்கும் வந்தது. நான் காலை நகர்த்திக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

அக்டோபரில் கட்டைகள் மில்லுக்கு வந்தன. வடுவை வைத்து அடையாளம் தெரிந்தது. நான்தான் அதற்கும் எண் போட்டேன், இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் நாள் அறுத்தார்கள். வடு இருந்த ஓரப்பலகை கழிவு என்று கொதிகலனுக்குப் போக இருந்தது, அதை மட்டும் கெஞ்சிக் கேட்டு எடுத்து வந்தேன். வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். சிலேஷேக்கு ஒன்றும் தெரியாது. குழந்தையின் துணியை அதன்மேல் காயப்போடுகிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றைக்கே உண்மையை எழுதியிருக்க வேண்டும். சிறுத்தை என்று எழுதினேன். ஆகஸ்டில் சிலேஷே ஆஸ்பத்திரியில் இருந்தது உண்மை, ஆனால் அது நடக்காமல் இருந்திருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன். மச்சான் உங்களைக் கொண்டுவந்து விட்டதற்குக் காரணம் நான். உங்கள் உடம்பு கெட்டதற்கும் நானே காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு என்னைத் தம்பி என்று கூப்பிட முடியாவிட்டால் கூப்பிட வேண்டாம்.

லுபுண்டா


9 மார்ச் 1972
இசாங்கா

தம்பிக்கு,

நீயும் சிலேஷேயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். சித்தி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

எனக்குத் தெரியும். உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு நாலு நாள் முன்பே தெரியும்.

குறி பார்த்தபோதே வந்துவிட்டது, "ஒரே வயித்துல பொறந்தவன் தாய் மரத்தைக் காட்டிக் குடுத்திருக்கான்" என்று. நான் நம்பவில்லை, குறிகாரனோடு சண்டை போட்டேன். பிப்ரவரி பத்தாம் தேதி சபாசாவும் நானும் மழையில் அங்கே நடந்து போனோம். அடிமரம் மட்டும் இருந்தது. வெட்டுவாயில் சிவப்பு கறுத்து உறைந்திருந்தது. அந்தப் பக்கம் தேன் எடுக்கப் போகிறவன் ஒருவன், போன ஆகஸ்டில் லாரியில் டிரைவர் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறான். நான் அடிமரத்தின் மேல் உட்கார்ந்து அழுதேன். பிறகு சபாசாவிடம், வேறு மரத்தில் செய்துவிடலாமா என்று நானும் உன்னைப் போலத்தான் கேட்டேன்.

"மரம் வேற கிடைக்கும், கலும்பு. வாய் வேற கிடைக்காது. காட்டிக்குடுத்தவன் தன் வாயால சொல்லணும். நீ கேட்டு அவன் ஒத்துக்கிட்டா அது உன் பேச்சு. உங்கம்மாவுக்கு அவன் பேச்சு வேணும்" என்றார்.

அதனால்தான் நேராகக் கேட்க முடியவில்லை. மரம் எப்படி இருந்தது என்று கேட்டேன். வடுவைப் பற்றி எழுதினேன். லாரித் தடத்தைப் பற்றி எழுதினேன். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றேன். நீ ஒவ்வொரு முறையும் ஒரு பார்சலை உள்ளே நீட்டிவிட்டு ஓடிப்போனாய். உன் மச்சானிடம்கூடச் சொல்லவில்லை. அவர் உன்னைத் திட்டிக் கடிதம் எழுதிவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று பயம்.

சுரங்கத்தில் கல் விழுந்ததை எனக்கு ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அந்த வேலையை விட்டு வந்துவிடு, இங்கே அன்னாசி போடலாம் என்று சொல்லியிருப்பேனே.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சபாசாவிடம் போனேன். முழுதும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "நல்லா எழுதியிருக்கான். ஆனா காகிதத்துக்கு மூச்சு இல்ல. வரச் சொல்லு" என்றார்.

நீயாகச் சொல்லிவிட்டாய், இனி நான் கேட்கலாம். வா.

அக்கா


2 ஏப்ரல் 1972
சிங்கோலா

அக்காவுக்கு,

கை தட்டி வணங்குகிறேன். நீங்கள் நிற்கிற தெம்போடு இருக்க வேண்டும், அது போதும்.

லீவு கேட்டேன். இல்லை என்றார்கள். அப்படியானால் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிலேஷேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போய்ப் பலகை மேலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "உன் அக்கா முகத்தை நான் பாத்ததுகூட இல்ல. போய்ட்டு வா. பொய்யோட மட்டும் திரும்பி வராதே" என்றாள்.

ஒன்பதாம் தேதி லாரியில் வருகிறேன். பலகையும் வருகிறது.

தம்பி


21 மே 1972
இசாங்கா

தம்பிக்கு,

வீடு போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. செங்கல் சூளையில் வேலை கிடைத்ததாகச் சித்திக்குச் சொல்லியனுப்பியிருந்தாய். வெயில்படுகிற வேலை, நல்லது. தலைக்குத் துணி கட்டிக்கொள். சிலேஷேக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

இங்கே எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீ அடிமரத்தின் முன் மண்டியிட்டு உட்கார்ந்ததையும், "யாரு காட்டினது?" என்று சபாசா மூன்று முறை கேட்டும் உனக்குக் குரல் வராமல் உதடு மட்டும் அசைந்ததையும், பின்னாலிருந்து யாரோ "சத்தமா சொல்லுடா, உங்கம்மாவுக்குக் காது கேக்கணும்ல" என்று கத்தியதையும். அதன்பிறகு நீ "நான்தாம்மா, நான்தான் காட்டினேன்" என்று கத்தினாயே, ஓடைக்கு அந்தப் பக்கம் மரவள்ளி ஊறவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்குக்கூடக் கேட்டதாம். அந்தப் பலகையில் பொம்மை செதுக்கலாம் என்று எவ்வளவு ஆசையாகத் தூக்கி வந்தாய், "செத்த கட்டை, இதுல ரத்தம் வராது" என்று சபாசா அதை அடுப்பில் வைக்கச் சொன்னபோது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர் பச்சை முகுலாவில் செதுக்கிக் கொடுத்ததை இன்னும் மடியில் கட்டியிருக்கிறேன்.

நீ போன ஆறாம் நாள் ரத்தம் நின்றது. மிஷன் நர்ஸம்மாவிடமும் காட்டிவிட்டேன், அவள் தன் ஊசி வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். நான் மறுக்கவில்லை. இந்த மாதம் எல்லாப் பெண்களுக்கும் போல ஐந்து நாள்தான். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு நேற்று முழுக்கூடை மரவள்ளி தூக்கி வந்தேன். செய்தி கேட்டு உன் மச்சான் ஒரு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. ஆட்டுக்கு மட்டும் தண்ணீர் வைத்தேன். அவரிடம் போவேனா, வேறு யாரையாவது கட்டிக்கொள்வேனா என்று சித்தி தினமும் கேட்கிறாள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று எழுத வேண்டும். ஐந்து வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கிளம்பும்போது லாரிப் பலகையைப் பிடித்து ஏறிக்கொண்டே, "அக்கா, என்னை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். கேட்டது.

அம்மா உன்னை மன்னித்துவிட்டாள், என் உடம்பைப் பார்த்தால் தெரிகிறது. நான் இன்னும் மன்னிக்கவில்லை, தம்பி. மரத்துக்காக என்றால் மன்னித்துவிடுவேன். கல் விழுந்த பயத்தில் நீ செய்தது அது, உன் வயதில் நானும் செய்திருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருஷம், நான் சொட்டுச் சொட்டாய் வற்றிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும் நீ எனக்குக் கம்பளி அனுப்பினாய். இரவில் இன்னும் அது என் மேல்தான் கிடக்கிறது, வேறு இல்லை. போர்த்தும்போதெல்லாம் நெஞ்சு கசக்கிறது.

உன்னை உண்மை எழுத வைத்தவள் நான். அதனால் என்னாலும் பொய் எழுத முடியவில்லை. மன்னிப்பு வருகிற அன்றைக்கு உனக்குத்தான் முதலில் எழுதுவேன். அதுவரை நீ கேட்காதே.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா